பேட்டரி ஒரு ஆளா?

(நம் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வாக்கியங்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். பேச்சுத்தமிழை அப்படியே விட்டுவிட்டேன்.)



போன மாசம் நம் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது ஞாபகமிருக்கும். சில சூழல் அமைப்புகள் சேர்ந்து எழுதினது. மின்சாரக் காருக்கும் பிளக்-இன் ஹைபிரிட் காருக்கும் கார்பூல் லேனில் இருந்த சலுகையைத் திருப்பிக் கொண்டுவரணும், நீங்களும் கையெழுத்துப் போடுங்க என்று கேட்டிருந்தாங்க. நம்ம வாட்ஸ்அப் குழுவில் பத்து நிமிஷத்துக்குள் பதினாலு கட்டைவிரல் விழுந்தது. நான் மட்டும் "கொஞ்சம் பொறுங்க, பேசணும்"னு போட்டேன். அதுக்குத் தண்டனையாத்தான் இன்னிக்கு இங்கே நிற்க வெச்சிருக்கீங்க.

மூடி மறைக்காமல் முதலிலேயே சொல்லிடறேன். கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் கட்சி. காலநிலை மாற்றம் பொய்ன்னோ மின்சாரக் கார் மோசம்னோ நான் சொல்ல வரலை. அந்த லேன் யாருடையது என்கிற கேள்விதான் எனக்கு.

இந்த மடலை டொராண்டோவிலும் லண்டனிலும் இருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். கலிஃபோர்னியா ஃப்ரீவேயில் இடது ஓரத்தில் வெள்ளை வைரக்குறி வரைந்த ஒரு லேன் இருக்கும். எங்க வடக்குப் பக்கம் காலையிலும் மாலையிலும் நெரிசல் நேரத்தில் அதில் போகணும்னா காரில் ரெண்டு பேராவது இருக்கணும், சில இடங்களில் மூணு பேர். தனியாகப் போய் மாட்டினால் அபராதம் 490 டாலரில் ஆரம்பிக்கும். சின்ன வயசில் இதை எனக்கு அம்மா விளக்கினது ஒரே வார்த்தையில்: "ஷேர் ஆட்டோ மாதிரி." கோடை விடுமுறைக்குத் திருச்சி போய்ப் பழகினதால் அது உடனே புரிஞ்சது. ஆள் சேர்ந்தால் வண்டி நகரும்.

இப்போ என் வீட்டுக் கதை.

2005-இல் எனக்கு ஆறு வயசு. யூனியன் சிட்டியில் இருந்தோம். அப்பாவுக்குச் சான் ஹோசேயில் ஒரு சிப் கம்பெனியில் வேலை. அந்த வருஷம் அவர் பிரியஸ் வாங்கினார். அப்போ பிரியஸுக்குக் காசு கையில் இருந்தாலும் மாசக்கணக்கில் காத்திருக்கணும். கார் வந்த கொஞ்ச நாளில் டிஎம்வியிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே மஞ்சள் ஸ்டிக்கர்கள். அப்பா பம்பரைத் துணியால் துடைச்சு, பூஜை சாமானுக்குச் சந்தனம் வைக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து ஒட்டினார். மறுநாளிலிருந்து 880-இல் அவர் தனியாகவே கார்பூல் லேனில் போகலாம். சட்டப்படி.

அம்மாவுக்கு அதுவரை எச்-4 விசா. வேலை செய்ய அனுமதி கிடையாது. அடுத்த வருஷம் கிரீன் கார்டு வந்ததும் மில்பீடஸில் மருத்துவக் கருவி அசெம்பிள் பண்ணுகிற ஒரு இடத்தில் சேர்ந்தாங்க. அங்கே நாலு பெண்கள் ஒரே பழைய கேம்ரியில் போவாங்க. ஓட்டுவது ஒரு பஞ்சாபி ஆன்ட்டி. பின் சீட்டில் அம்மா, ஒரு ஃபிலிப்பினோ அக்கா. முன் சீட்டில் ஒரு வியட்நாமிய அம்மா. அவங்க முதுகுவலி காரணமா அந்த சீட்டை யாரும் கேட்க மாட்டாங்க. கேம்ரியும் அதே லேன்தான்.

ஒரு நாள் சாயங்காலம் கார்பூல் லேனே ஊர்ந்துக்கிட்டிருந்திருக்கு. கேம்ரிக்கு நேர் முன்னாடி ஒரு வெள்ளி நிறப் பிரியஸ், மஞ்சள் ஸ்டிக்கரோட, உள்ளே ஒத்தை ஆள். பஞ்சாபி ஆன்ட்டி ஹாரனில் கை வைக்காத குறையாத் திட்டியிருக்காங்க. இவனுக்கெல்லாம் எதுக்கு இந்த லேன், நாம நாலு பேர் நசுங்கிக்கிட்டு வர்றோம் என்று. அம்மா நம்பர் பிளேட்டைப் பார்த்திருக்காங்க. ஒரு எக்ஸிட் தாண்டுகிற வரைக்கும் பேசாம இருந்துட்டு, "அது என் வீட்டுக்காரர்"னு சொன்னாங்களாம். கார் குலுங்கக் குலுங்கச் சிரிப்பு. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டில் இதைச் சொல்லி அப்பாவும் சிரித்தார். பல வருஷம் இது எங்க வீட்டு ஜோக். போக்குவரத்துத் திட்டமிடல் படிக்க வந்த பிறகுதான் எனக்கு இது ஜோக்காத் தெரியாமல் போனது.

அந்தச் சலுகை எப்படி வந்தது என்று பார்ப்போம். 2004-இல் சட்டமன்ற உறுப்பினர் ஃப்ரான் பேவ்லி மசோதா கொண்டுவந்தார், ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் கையெழுத்திட்டார். பேவ்லி எண்ணெய்க் கம்பெனி ஆள் இல்லை. கார்களின் பசுங்குடில் வாயுவைக் கட்டுப்படுத்துகிற 2002-ஆம் வருஷச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். நல்ல எண்ணத்தில் வந்த சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேலனுக்கு 45 மைல் கொடுக்கணும், புகை அளவு மிகக் குறைவா இருக்கணும் என்பது நிபந்தனை. தேறியது மூணே மாடல்: பிரியஸ், ஹோண்டா சிவிக் ஹைபிரிட், ஹோண்டா இன்சைட். ஃபோர்டின் எஸ்கேப் ஹைபிரிட் தேறலை. மத்திய அரசின் அனுமதி 2005 ஆகஸ்டில் வந்தது. ஸ்டிக்கருக்குக் கட்டணம் 8 டாலர். முதலில் 75,000 கார்களுக்கு என்றார்கள், பிறகு 85,000 ஆக்கினார்கள். 2007 தொடக்கத்துக்குள் மொத்தமும் தீர்ந்துபோனது.

தீர்ந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஸ்டிக்கர் காரோடு சேர்ந்தது, ஆளோடு இல்லை. அதனால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின பழைய பிரியஸ், ஒட்டாத பிரியஸைவிடக் கூடுதல் விலைக்குப் போனது. ஸ்டிக்கர் திருட்டுகூட நடந்தது. 8 டாலர் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது? காகிதத்தில் ஒண்ணும் இல்லை. தினமும் மிச்சமாகிற நிமிஷங்கள்தான் விலை. அந்த நிமிஷங்கள் வானத்திலிருந்து விழலை. அதே சாலையில் இருந்த மத்தவங்களோட நேரம் அது. அரசாங்கம் தன் பையிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்காமல் மானியம் கொடுத்தது. எடுத்தது அந்தக் கேம்ரியிலிருந்து.

இதைப் பெட்ரோல் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கேம்ரி கேலனுக்கு 25 மைல் என்று வைப்போம். உள்ளே நாலு பேர். ஆக ஒரு கேலனில் 100 ஆள்-மைல். அப்பாவின் பிரியஸ் கேலனுக்கு 50 மைல் என்று தாராளமாவே வைப்போம். உள்ளே ஒருத்தர், 50 ஆள்-மைல். கேம்ரி ரெண்டு மடங்கு பசுமை. அதன் பம்பரில் மட்டும் எந்த ஸ்டிக்கரும் கிடையாது.

ஆனால் நேர்மையாகப் பேசணும். கேம்ரியில் ரெண்டே பேர் இருந்தால் கணக்கு 50க்கு 50. சாதாரணக் காரில் ரெண்டு பேரும், ஹைபிரிட்டில் ஒருத்தரும் சமம். சட்டம் எழுதினவங்க மனசில் இருந்தது இந்தச் சமன்பாடுதான் என்று நினைக்கிறேன். பேட்டரியை ஒரு ஆளாக எண்ணிவிட்டார்கள். பெட்ரோலை மட்டும் அளந்தால் அது தப்பே இல்லை. இன்னிக்கு முழு மின்சாரக் காரை எடுத்தால் கணக்கு இன்னும் அவங்க பக்கம் சாயும். நான் மறுக்கலை.

என் மறுப்பு வேற இடத்தில். அந்த லேனைப் போட்டது பெட்ரோலை அளக்க இல்லை. ஃப்ரீவேயில் பற்றாக்குறையா இருக்கிறது இடம். இன்ஜினுக்குள் என்ன இருந்தாலும் கார் அடைக்கிற தார் ரோடு ஒரே நீளம்தான். டெஸ்லாவில் தனியாப் போகிறவர் பிடிக்கிற இடமும், டீசல் பிக்கப்பில் தனியாப் போகிறவர் பிடிக்கிற இடமும் கிட்டத்தட்ட ஒண்ணு. இடத்தைப் பங்கு போடுகிற ஒரு விதியை எடுத்துப் புகையைக் குறைத்தவருக்குப் பரிசாகக் கொடுத்தால் முதல் வேலை கெட்டுப்போகும். ரேஷன் கடை வரிசையில் சைக்கிளில் வந்தவருக்கு முதலிடம் கொடுக்கிற மாதிரி. சைக்கிள் நல்லதுதான். வரிசை எதுக்காக இருக்கு?

இன்னொரு முரண்பாடு இருக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஹைபிரிட் கார் தன் திறமையைக் காட்டுவது நெரிசலில். நின்று நின்று போகும்போது பிரேக் போடுகிற சக்தியைப் பேட்டரியில் பிடித்து வைக்கும், மெதுவா நகரும்போது மோட்டாரில் ஓடும். அதனால்தான் பிரியஸுக்கு நகரத்து மைலேஜ் ஹைவே மைலேஜைவிட அதிகம், மற்ற பெட்ரோல் கார்களுக்கு நேர் தலைகீழ். நாம என்ன பண்ணினோம்? நெரிசலைத் தாங்கத் தெரிந்த காரை நெரிசல் இல்லாத லேனுக்கு அனுப்பினோம். நெரிசலில் புகை கக்குகிற காரை நெரிசலிலேயே விட்டோம்.

இடத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதுக்கு நான் எப்போதும் எடுக்கிற உதாரணம் லாஸ் ஏஞ்சலஸ். 10-ஆம் நம்பர் ஃப்ரீவேயில் எல் மான்டே பஸ்வே. 1973-இல் திறந்தபோது பஸ்ஸுக்கு மட்டும்தான். 1974-இல் பஸ் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தது, பஸ் ஓடாததால் தற்காலிகமாகக் கார்பூலை விட்டார்கள். 1976-இல் அது நிரந்தரமானது, ஆனால் மூணு பேர் வேண்டும். பஸ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1999-இல் ஒரு சட்டம் வந்தது, மூணை ரெண்டாக்குங்க என்று. கொண்டுவந்தவர் ஹில்டா சோலிஸ். பின்னாளில் ஒபாமா அரசில் தொழிலாளர் துறைச் செயலாளரா இருந்தவர், நம்ம பக்கத்து ஆள் என்றே சொல்லலாம். 2000 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. காலை நெரிசல் நேரத்தில் மணிக்குச் சுமார் 1,100 வண்டி போன லேனில் 1,600 வண்டி வந்தது. அந்த லேனில் போன ஆட்களோ சுமார் 5,900-இலிருந்து 5,200 ஆகக் குறைந்தார்கள். வண்டி கூடிச்சு, ஆள் குறைஞ்சது! பஸ் பயணிகளுக்கு ஆத்திரம். ஏழே மாசத்தில் அவசரச் சட்டம் போட்டு நெரிசல் நேரத்துக்கு மறுபடியும் மூணு பேர் என்று மாற்றினார்கள்.

இந்த ரெண்டு எண்களையும் மனசில் வெச்சுக்கங்க. யார் எதை எண்ணுகிறார்கள் என்பதுதான் விஷயமே. வண்டியை எண்ணினால் 2000-ஆம் வருஷம் வெற்றி. ஆளை எண்ணினால் தோல்வி.

அப்பாவின் மஞ்சள் ஸ்டிக்கர் 2011 ஜூலை 1-இல் காலாவதியானது. அவர் ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்தார். அந்த இடம் மட்டும் பெயின்ட் மங்காமல் புதுசா இருந்தது, காரை விற்கிற வரைக்கும். ஆனா சலுகை அதோடு முடியலை. 2012 தொடக்கத்திலிருந்து பிளக்-இன் ஹைபிரிட்டுக்குப் பச்சை ஸ்டிக்கர். முழு மின்சாரக் காருக்கு வெள்ளை ஸ்டிக்கர் அதுக்கு முன்னாடியே இருந்தது. பச்சைக்கு 40,000 என்று வரம்பு வைத்தார்கள், 55,000, 70,000, 85,000 என்று ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் வரம்பையே எடுத்துவிட்டார்கள். பிளக்-இன் ஹைபிரிட்டை வீட்டில் ஒரு தடவையாவது சார்ஜ் போட்டீங்களான்னு சட்டம் கேட்கவே இல்லை. கேபிளைப் பிரிக்காமலே பெட்ரோலில் ஓட்டினாலும் லேன் உங்களுக்கு.

மத்தியச் சட்டத்தில் ஒரு அளவுகோல் இருக்கு. கார்பூல் லேனில் நெரிசல் நேரத்தில் நூத்துக்குத் தொண்ணூறு நேரம் சராசரியா மணிக்கு 45 மைல் வேகம் இருக்கணும். இல்லாட்டி அந்த லேன் "தரம் குறைந்தது". 2010-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் கார்பூல் லேன்களில் பாதிக்கும் மேல் அந்தக் கணக்கில் விழுந்தன. எல்லாத்துக்கும் ஸ்டிக்கர்தான் காரணம் என்று நான் சொல்லலை. மக்கள்தொகை, வேலைவாய்ப்பு, பொம்மையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏமாற்றுகிறவர்கள் என்று பல காரணம். ஆனா நிரம்பி வழிகிற லேனில் இன்னும் ஆளை விடுவது சலுகையே இல்லை, வெறும் விளம்பரம்.

இப்போ எனக்கு எதிரா இருக்கிற சாட்சிகள். மறைத்தால் நீங்களே தேடிக் கண்டுபிடிச்சு என்னைப் பிடிப்பீங்க.

முதலாவது பெர்க்லியிலிருந்தே வருது. 2011-இல் ஹைபிரிட்களை வெளியேற்றின பிறகு மைக்கேல் கேசிடியும் கிடே ஜாங்கும் ஃப்ரீவே தரவை ஆராய்ந்தார்கள். கார்பூல் லேன் வேகமாகியிருக்கணும் இல்லையா? ஆகலை, குறைஞ்சது. வெளியேறின ஹைபிரிட்கள் பக்கத்து லேன்களில் சேர்ந்து அவை மெதுவாச்சு. பக்கத்தில் வண்டிகள் நின்று நின்று போகும்போது கார்பூல் லேனில் இருக்கிறவர் பயந்து வேகத்தைக் குறைக்கிறார், எவனாவது திடீர்னு உள்ளே நுழைவானோ என்று. ஆக எல்லா லேனும் மெதுவாச்சு.

இதை முதலில் படிச்சப்போ என் ஆய்வுத் தலைப்பையே மாத்தணுமோன்னு நினைச்சேன். இப்போ நான் அதைப் படிக்கிற விதம் இது. அந்தக் காலத்து லேனில் காலி இடம் இருந்தது, அதை யாராவது நிரப்பினால் எல்லாருக்கும் நல்லது என்று ஆய்வு சொல்லுது. யார் நிரப்பணும் என்று அது சொல்லலை. நாற்பது பேர் உட்கார்ந்த ஒரு பஸ் மூலமாவும் நிரப்பலாம். இன்னொண்ணு, வெறும் பெயின்ட் கோடு ஒரு லேனைக் காப்பாற்றாது என்றும் அது சொல்லுது. எல் மான்டேயில் பஸ்வே தனியாப் பிரிஞ்சு இருக்கு, 880-இல் வெள்ளைக் கோடு மட்டும்தான்.

ரெண்டாவது, சலுகை வேலை செய்தது. யுசிஎல்ஏ ஆய்வாளர்கள் 2010-இலிருந்து 2013 வரை கலிஃபோர்னியாவில் பதிவான பிளக்-இன் கார்களைப் பார்த்து, சுமார் கால் பங்கு இந்த லேன் சலுகையால் வாங்கப்பட்டவை என்று கணித்தார்கள். பெரிய எண்ணிக்கைதான். சந்தை பிறக்கிற காலத்தில் ஒரு தள்ளு தேவைப்பட்டது என்றால் நான் ஒத்துக்கொள்வேன். ஆனா சலுகை முடிகிறபோது சுமார் ஐந்து லட்சம் கார்களில் ஸ்டிக்கர் இருந்தது. ஐந்து லட்சத்தைத் தொட்ட பிறகும் அதைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டே நடக்கணுமா?

மூணாவதுதான் நம்ம குழுவில் கட்டைவிரல்கள் விழக் காரணம் என்று நினைக்கிறேன். சலுகை முடிந்தது 2025 செப்டம்பர் 30. மின்சாரக் காருக்கு இருந்த 7,500 டாலர் மத்திய வரிச்சலுகை முடிந்ததும் அதே நாள். ரெண்டையும் ட்ரம்ப் ஒரே கோடாலியால் வெட்டினார் என்று தோன்றுவது இயல்பு. வரிச்சலுகையை வெட்டியது 2025 ஜூலையில் போட்ட சட்டம், உண்மைதான். லேன் சலுகையின் கடைசித் தேதியோ பத்து வருஷம் முன்னாடி, 2015-ஆம் வருஷப் போக்குவரத்துச் சட்டத்திலேயே எழுதி வெச்சது. இந்த காங்கிரஸ் அதை நீட்டலை, அவ்வளவுதான். எதிரி காலத்தில் செத்த எல்லாமே நம்ம சொத்து இல்லை, தோழர்களே.

கார்பூல் லேனில் போகிறவங்க பாதிப் பேர் புருஷன் பொண்டாட்டிதானே, எப்படியும் ஒரே காரில்தானே போவாங்க என்று யாரோ கேட்டீங்க. சரிதான். கைக்குழந்தையையும் சட்டம் ஒரு ஆளா எண்ணுது. லேன் ஒண்ணும் புனிதமானது இல்லை. ஆனா குழந்தை ஒரு ஆள். பேட்டரி இல்லை.

இதெல்லாம் முடிஞ்சுபோன பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அப்பாவும் அம்மாவும் போன அதே 880-இல், ஓக்லண்டுக்கும் மில்பீடஸுக்கும் நடுவில், 2020 அக்டோபரில் எக்ஸ்பிரஸ் லேன் வந்தது. மூணு பேர் போனால் இலவசம். ரெண்டு பேர் போனால் பாதிக் கட்டணம். 2025 செப்டம்பர் 30 வரை, மின்சாரக் காரில் ஒருத்தர் போனால் அதுக்கும் பாதிக் கட்டணம்தான் இருந்தது. நேத்து வரைக்கும் ரெண்டு பேருக்கு இலவசமா இருந்த லேன் அது. அம்மாவோட கேம்ரியில் ஃபிலிப்பினோ அக்கா வேலையை விட்டு, முதுகுவலிக்கார அம்மா ரிட்டயர் ஆகி, கடைசியில் பஞ்சாபி ஆன்ட்டியும் அம்மாவும் மட்டும் மிஞ்சியிருந்தாங்க. ஒரு சாயங்காலம் அம்மா டோல் கணக்கை நீட்டி, "நாங்க ரெண்டு பேர் சேர்ந்து ஒரு டெஸ்லாக்காரன் அளவுக்கு ஆயிட்டோம்"னு சொன்னாங்க. நான் ஒரு செமஸ்டர் முழுக்கப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டது அந்த ஒரு வரி. நியாயமாச் சொல்லணும்னா, குறைந்த வருமானக்காரருக்குக் கட்டணக் கழிவு தருகிற ஒரு சோதனைத் திட்டம் 2023-இல் 880-இல் தொடங்கியது. அதுக்கு விண்ணப்பம், வருமானச் சான்று எல்லாம் வேண்டியிருந்தது. பேட்டரிக்காரர் வருமானச் சான்று காட்டி அந்தப் பாதிக் கட்டணத்தை வாங்கலை.

நாம வேற என்ன கேட்கலாம்?

எனக்கு லாஸ் ஏஞ்சலஸ் பஸ் ரைடர்ஸ் யூனியன்தான் முன்மாதிரி. 1994-இல் அங்கே எம்டிஏ பஸ் கட்டணத்தை ஏற்றி, 42 டாலர் மாதாந்திர பாஸை ஒழிக்கப் பார்த்தது. அதே நேரத்தில் ரயில் பாதைகளுக்குப் பணம் கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் போகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பர், லத்தீனோ, ஆசியர், வீட்டுவேலை செய்கிற பெண்கள். யூனியன் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. 1996-இல் உடன்பாடு வந்தது. பாஸ் பிழைத்தது. பஸ்ஸில் எத்தனை பேர் வரை நிற்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது, பல வருஷம் அந்த வரம்பை வெச்சு நெருக்கிப் புது பஸ்கள் வாங்க வெச்சாங்க. அவங்க பண்ணினது என்ன தெரியுமா? பஸ்ஸில் ஏறி, நிற்கிறவர்களை எண்ணினாங்க. தினமும். பேனாவும் அட்டையும் வெச்சு.

நம்ம ஊரிலேயே வளைகுடாப் பாலம் இருக்கு. 1939-இலிருந்து 1958 வரை அந்தப் பாலத்தின் கீழ்த்தளத்தில் ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பிடுங்கிக் காருக்குக் கொடுத்தார்கள். இன்னிக்கு ஓக்லண்டிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போகிற ஏசி டிரான்சிட் பஸ், பாலத்தின் மேல் தனி லேன் இல்லாமல் ஒத்தை ஆள் கார்களுக்குப் பின்னாடி நிற்குது. 2020-இல் பாலத்தில் பஸ் லேன் வேண்டி ஒரு மசோதா வந்தது, சட்டமாகலை. 1970-களிலிருந்து இந்தப் பக்கத்து ஜனங்கள் தாங்களே ஒரு வழி வெச்சிருந்தாங்க. தெரு முனையில் வரிசையா நிற்பாங்க, முன்பின் தெரியாதவர் காரில் ஏறிக்கொள்வாங்க, மூணு பேர் ஆனதும் பாலம் ஏறும். செயலி இல்லை, நிறுவனம் இல்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து அது நின்றுபோச்சு. அந்த வரிசையைத் திரும்பக் கொண்டுவரணும் என்று எந்த அமைப்பும் நம்மகிட்ட கையெழுத்துக் கேட்கலை.

நேத்து இந்தப் பேச்சை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். கோபப்படுவார்னு நினைச்சேன். படலை. "அந்த லேன்ல போனதாலதான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்"னு சொன்னார். உண்மைதான். எனக்குப் பின்னம் புரிஞ்சது அவரால்தான். "அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஏழு... ஏழே கால். வந்துதான் சமைப்பா." அதுக்கு மேல ரெண்டு பேருமே ஒண்ணும் பேசலை.

பதில் கடிதம் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். ஒரே பக்கம். கையெழுத்துப் போடலை என்று முதல் வரியில் இருக்கு, ஏன் என்று ரெண்டாவது பத்தியில். மூணாவது பத்தியில், பாலத்தில் பஸ் லேனும் 880-இல் ரெண்டு பேருக்குப் பழையபடி இலவசமும் கேட்டு எழுதுவதா இருந்தால் நாங்க சேர்கிறோம், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கவும் வர்றோம் என்று இருக்கு. அந்த மூணாவது பத்தி எனக்கே முழுத் திருப்தியா இல்லை. ரெண்டு பேருக்கு இலவசம் விட்டால் எல் மான்டே மாதிரி மறுபடி நிரம்பாதா என்று நீங்க கேட்பீங்க, கேட்கணும். வாரநாளில் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை நாலு பேர் ஒரு மேம்பாலத்தில் நின்று எண்ணினால் விடை தெரியும். எத்தனை வண்டி, எத்தனை தலை. அட்டையும் பேனாவும் நான் கொண்டுவர்றேன். வர்ற செவ்வாய்க்கிழமை யாரெல்லாம் வர முடியும்னு டீக்கு முன்னாடி கை தூக்குங்க.